ஒரு நெடுஞ்சாலை பிரித்த இரண்டு இசைக்குழுக்கள்

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ (1968) திரைப்படத்தை முழு வடிவில் பார்த்தவர்களுக்கு அதன் தொடக்கம் நினைவிருக்கும். சில நிமிடங்களுக்குத் திரையில் இருள் மட்டுமே. மெட்டென்றோ தாளமென்றோ பிரித்தறிய முடியாத ஓர் ஒலித்திரள் அவ்விருளுக்குள் மெல்ல நகரும். அது கியோர்கி லிகெட்டியின் ‘அட்மாஸ்ஃபேர்’. இசையமைப்பாளரின் முன் அனுமதி இல்லாமலே படத்தில் சேர்க்கப்பட்ட அப்பதிவை வாசித்தது தென்மேற்கு ஜெர்மன் வானொலியின் சிம்பொனி இசைக்குழு. நடத்தியவர் எர்னெஸ்ட் பூர். அவ்விசைக்குழு இன்று இல்லை. 2016 ஜூலையில் ஃப்ரைபுர்க் நகரில் தன் கடைசிக் கச்சேரியை வாசித்து முடித்தது. கடந்த ஒரு மாதமாக அதன் வரலாற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

1945இல் தோற்ற ஜெர்மனியை நேச நாடுகள் பங்கிட்டுக்கொண்டபோது, கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ஸ்டுட்கார்ட் வழியாக மியூனிக் செல்லும் நெடுஞ்சாலை தங்கள் வசமே இருக்கவேண்டும் என அமெரிக்கர்கள் விரும்பினர். ஆகவே அச்சாலைக்குத் தெற்கே கோடு கிழிக்கப்பட்டது. வடக்கில் அமெரிக்க மண்டலம், அதன் வானொலி ஸ்டுட்கார்ட்டில். தெற்கில் பிரெஞ்சு மண்டலம், அதன் வானொலி பாடன்-பாடனில். நாஜிகளின் ஒற்றைக் குரல் வானொலி மீண்டும் உருவாகிவிடக்கூடாது என்பதால் ஒலிபரப்பு நிலையங்கள் திட்டமிட்டே பரவலாக்கப்பட்டிருந்தன. நிலையத்துக்கொரு சிம்பொனி இசைக்குழுவும் அமைந்தது. 1952இல் இரு பகுதிகளும் பாடன்-வூர்ட்டெம்பர்க் என்ற ஒரே மாநிலமான பிறகும் 1998வரை இரண்டு வானொலி நிறுவனங்கள் தனித்தனியே இயங்கின.

பாடன்-பாடன் குழு 1946இல் பிறந்தது. வானொலியின் இசைத் துறைத் தலைவர் ஹைன்ரிச் ஸ்ட்ரோபெல், 1948 முதல் இசை நடத்துநராக இருந்த ஹான்ஸ் ரோஸ்பவுட் ஆகிய இருவரும் அதற்கு ஒரு வேலையைக் கொடுத்தார்கள்: இதுவரை யாரும் வாசிக்காததை வாசிப்பது. 1950 முதல் டோனாவெஷிங்கன் என்ற சிற்றூரின் புத்திசை விழாவில் அதுவே நிலையக் குழு. ஸெனாகிஸின் ‘மெட்டாஸ்டாஸிஸ்’ 1955இலும், மெஸ்ஸியானின் ‘க்ரோனோக்ரோமி’ 1960இலும் அங்கேதான் முதன்முதலாக ஒலித்தன. 1961 அக்டோபர் 22 அன்று ‘அட்மாஸ்ஃபேர்’. ஐம்பத்தாறு தந்தியிசைக் கலைஞர்களுக்கும் தனித்தனி வரி. தாள வாத்தியமே கிடையாது. அவையோர் கேட்டுக்கொண்டதால் அன்றே அது மறுமுறையும் வாசிக்கப்பட்டது. அப்படியொரு படைப்பை அரங்கேற்றத் துணிச்சல் மட்டும் போதாது. விற்பனையாகும் நுழைவுச்சீட்டுகளை நம்பியிருக்கும் குழுவுக்கு வாய்க்காத ஒத்திகை நேரம் வேண்டும். மக்கள் செலுத்திய வானொலிக் கட்டணமே அந்த நேரத்தை வாங்கித் தந்தது.

கோட்டின் மறுபுறத்தில் ஸ்டுட்கார்ட் குழு வேறொரு காதை வளர்த்தது. எழுபதுகளில் செர்ஜியு செலிபிடாக்கே அதைச் செதுக்கினார். 1998இல் பொறுப்பேற்ற ரோஜர் நாரிங்டன், தந்திகளின் இடையறாத அதிர்வை அறவே நீக்கிய தூய ஒலியை அதன் அடையாளமாக்கினார். எனக்கு அவ்வொலி சற்று வறண்டதாகவே படும். ஆயினும் ஒரு நிமிடம் கேட்டாலே அது எந்தக் குழு என்று சொல்லிவிடலாம்.

2012இல், நிதிநெருக்கடியைக் காரணம் காட்டி, இரண்டையும் இணைக்க முடிவாயிற்று. உலகெங்கிலுமிருந்து எதிர்ப்பு மடல்கள் வந்தன. அவ்வாண்டு டோனாவெஷிங்கன் மேடையில் யோஹன்னெஸ் க்ரைட்லர் என்ற இசையமைப்பாளர் ஒரு வயலினையும் ஒரு செல்லோவையும் சேர்த்துக் கட்டி உடைத்து நொறுக்கினார். முடிவு மாறவில்லை. 2016 செப்டம்பரில் ஸ்டுட்கார்ட்டைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய குழு வாசிக்கத் தொடங்கியது. அது நல்ல குழு, இதில் எனக்கு ஐயமில்லை.

ஒலியனியல் படிப்பவர்களுக்கு ‘இணைவு’ பழகிய சொல். தமிழ்ப் பேச்சில் பெரும்பாலோர்க்கு ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன. அடுப்புக்கரியையும் குழம்புக்கறியையும் நாம் எழுத்தில் மட்டுமே பிரிக்கிறோம்; குமரி மாவட்டத்தில் காதாலும் பிரிப்பவர்கள் உண்டு. இவ்வாறு கலந்த இரண்டு ஒலிகளை மொழி தன் உள்வலிமையால் மீண்டும் பிரித்துக்கொள்ளாது என்பது பால் கார்டு 1961இல் முன்வைத்த கருத்து. எந்தச் சொல்லில் எது இருந்தது என்ற தகவலே அழிந்துவிடுகிறது. வெளியிலிருந்து ஒவ்வொரு சொல்லாகக் கற்பித்தால்தான் உண்டு.

இரு குழுக்களும் ராணுவ வசதிக்காகக் கிழித்த ஒரு கோட்டின் விளைவுதானே, கோடு அழிந்தபின் இரண்டு எதற்கு என்று இணைப்புக்கு ஆதரவாக வாதிடலாம். வலுவான வாதம்தான், முதலில் நானும் மயங்கினேன். ஆனால் மொழியில் எந்த வேறுபாடுதான் திட்டமிட்டுப் பிறந்தது? விபத்தாகத் தோன்றிய பிளவின்மேல் எழுபது ஆண்டுப் பயிற்சி ஏறி, பொருள் வேறுபடுத்தும் ஆற்றல் வந்துவிட்ட பிறகு, அதன் பிறப்பைக் காட்டி அதைத் தேவையற்றது என்பது வரலாற்றையும் அமைப்பையும் குழப்புவதாகும்.

இனி, காரணம். நான் ஆய்வு செய்யும் துறையை அண்டைத் துறையொன்றுடன் இணைக்கும் முன்மொழிவு சென்ற மாதம் சுற்றுக்கு வந்தது. யாருக்கும் வேலை போகாது, ஓய்வுபெறுவோரின் இடங்கள் மட்டும் நிரப்பப்படா என்கிறது அது. இந்த ஏற்பாடும் எனக்கு ஜெர்மன் கதையில் படித்ததுதான். ஆய்வு மாணவர்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். பேராசிரியர் எண்ணிக்கை பற்றி நான் எதுவும் எழுதவில்லை. கள ஆய்வுத் தாளுக்காக ஒரு பருவம் முழுவதும் ஒரே பேச்சாளருடன் அமர்ந்து கேட்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. புதிய கால அட்டவணையில் அதற்கு எத்தனை மணிநேரம் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். கூட்டம் வரும் வியாழக்கிழமை.