கூட்டத்துக்கு முன் ஒரு தாள்

2026 ஜனவரி 27, செவ்வாய்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இதே நாள் இரவு, அமெரிக்காவின் மூன்று இடங்களை இணைத்து ஒரு தொலைபேசிக் கூட்டம் நடந்தது. மறுநாள் சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட வேண்டும். ஃபுளோரிடாவில் கடுங்குளிர். உந்துகலன்களைச் செய்துகொடுத்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் விறைத்து இணைப்புகள் சரியாக அடைபடாமல் போகலாம், சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா அதிகாரிகள் அதை எதிர்த்து வாதிட்டார்கள். ஐந்து நிமிடம் தனியாகப் பேசிவிட்டு வருகிறோம் என்று தியோகால் தரப்பு இணைப்பிலிருந்து விலகியது. அந்தப் பேச்சு அரை மணி நேரம் நீண்டது. பொறியாளர்கள் ரோஜர் பொய்ஜோலியும் ஆர்னி தாம்சனும் மறுபடியும் எடுத்துச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் நான்கு மேலாளர்கள் மட்டும் முடிவெடுத்தார்கள். பொறியாளர்களின் வாக்கை யாரும் கேட்கவில்லை. திரும்ப இணைப்புக்கு வந்து, ஏவலாம் என்றார்கள். மாற்றுக் கருத்து ஏதும் உண்டா என்று நாசா தரப்பிலிருந்து ஒரு கேள்வி வந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள், புறப்பட்ட 73ஆவது விநாடியில் விண்ணோடம் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரின் உயிரும் போயிற்று.

இதைத் துணிச்சலின் கதையாகவோ ஆணவத்தின் கதையாகவோ சொல்வது வழக்கம். எனக்கு இது ஒரு கூட்டம் எப்படிக் கூட்டப்பட்டது என்பதன் கதையாகவே படுகிறது. இறுதிச் சொல் யாருடையது என்று அந்தக் கூட்டம் தொடங்கும்முன் யாரும் சொல்லவில்லை. தங்கள் கருத்துதான் நிறுவனத்தின் பரிந்துரை என்று பொறியாளர்கள் எண்ணினார்கள். மேலாளர்களுக்கோ அது எடைபோட வேண்டிய பலவற்றில் ஒன்று. அதைவிட முக்கியமான ஒன்றும் அங்கே தலைகீழானது. ஏவுவது பாதுகாப்பானது என்று நிரூபிப்பதே அதுவரை ஒப்பந்த நிறுவனத்தின் கடமை. அன்று இரவு, பாதுகாப்பில்லை என்று நிரூபிக்கும் சுமை தங்கள் தலையில் விழுந்ததாக அதில் இருந்தவர்கள் விசாரணைக் குழுவிடம் சொன்னார்கள். விதி பாதிக் கூட்டத்தில் மாறியது. மாறியதை யாரும் அறிவிக்கவும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கடைசியாக வரும் ‘மாற்றுக் கருத்து உண்டா’ என்ற கேள்வி யாரையும் வாய் திறக்க வைக்காது. மௌனத்தைச் சம்மதமாகப் பதிந்துகொள்ளத்தான் அது பயன்படும்.

ஜனவரி 28, புதன்

அந்த இரவின் குறை சாதாரண அலுவலகக் கூட்டங்களிலும் உண்டு. மேல்கீழ் அடுக்குகள் இறுகிய நிறுவனம் ஒன்று ‘எல்லோரும் மனம் திறந்து பேசுங்கள்’ என்று கூட்டம் போடும்போது, அதை நடத்தித் தர ஒருவரை அழைக்கிறது. நாற்காலிகளை வட்டமாகப் போடுவது, அட்டைகளில் எழுதச் சொல்வது, சிறு குழுக்களாகப் பிரிப்பது என்று அவர் தன் திறமையெல்லாம் காட்டுவார். அவருடைய உண்மையான வேலை அதற்கும் சில நாள் முன்னால், தலைமை அதிகாரியின் அறையில் முடிந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. எது இன்னும் முடிவாகவில்லை, எது முன்பே முடிவாகிவிட்டது, கூட்டம் தீர்மானிக்கப்போகிறதா அல்லது யோசனை மட்டும் சொல்லப்போகிறதா, சொன்னதற்கு யார் எந்தத் தேதிக்குள் பதில் தருவார், கசப்பான உண்மையைச் சொன்னவரின் இடமாற்றத்திலோ பதவி உயர்விலோ அது எதிரொலிக்காது என்பதற்கு யார் பொறுப்பு: இவற்றுக்கான பதில்கள் ஒரு தாளில் எழுதப்பட்டு, தலைவரின் கையெழுத்தோடு, அழைப்புடன் சேர்ந்தே எல்லோருக்கும் போக வேண்டும்.

வரம்புகளை முன்கூட்டியே சொன்னால் ஆர்வம் வடிந்துவிடும் என்பார்கள். நம் நாட்டின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் ஒர்க்ஸ் கமிட்டி அமைக்க வழிசெய்தது. தொழிலாளர் பிரதிநிதிகளின் எண்ணிக்கை நிர்வாகத் தரப்பைவிடக் குறையக்கூடாது என்றும் அது சொன்னது. காகிதத்தில் இதைவிடச் சமமான மேசை இல்லை. ஆனால் ‘பொது அக்கறைக்குரிய விஷயங்கள்’ பற்றிக் கருத்துச் சொல்லலாம் என்பதோடு சட்டம் நின்றுவிட்டது. குடிநீர், காற்றோட்டம், கேன்டீன் போன்றவற்றைப் பேசலாம், கூலி, போனஸ், ஆட்குறைப்பு போன்றவற்றைப் பேசக்கூடாது என்று பட்டியலிடும் முயற்சியே 1959இல்தான், இந்தியத் தொழிலாளர் மாநாட்டின் வழியாக வந்தது. கஜேந்திரகட்கர் தலைமையிலான தேசியத் தொழிலாளர் ஆணையம் 1969இல், இந்தக் கமிட்டிகள் ஏன் சோபிக்கவில்லை என்று ஆராய்ந்து சொன்ன காரணங்களில் தொழிற்சங்கப் போட்டி உண்டு, முதலாளிகளின் தயக்கம் உண்டு. அவற்றோடு, எல்லையும் பணியும் தெளிவாக இல்லாததும், பரிந்துரை வெறும் ஆலோசனையாகவே நின்றதும் இருந்தன. கூலி பற்றிப் பேசலாம் என்று நம்பி வந்தவர் கேன்டீன் பற்றி மட்டுமே பேச முடியும் என்று உள்ளே வந்தபின் அறிந்தால், அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். கேன்டீன் பற்றி மட்டும்தான் பேச்சு, ஆனால் அதில் உங்கள் சொல்லே முடிவு என்று முதலிலேயே கேட்டிருந்தால் அவர் வந்திருக்கக்கூடும். பட்டியல் மட்டும் போதாது என்பதையும் இதே அனுபவம் காட்டுகிறது. பட்டியல் வந்து பத்தாண்டு கழித்தும் ஆணையம் அதே குறையைத்தான் கண்டது.

ஜனவரி 30, வெள்ளி

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. தாளில் என்ன எழுதினாலும் நம் ஊரில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார், இது பழக்கத்தின் பிரச்சினை, விதியால் தீராது என்கிறார்கள். பழக்கம் வலியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தியாவில் ராணுவத்தைவிடப் படிநிலை இறுகிய அமைப்பு எது? 1954ஆம் ஆண்டின் ராணுவ விதிகளின்படி, ராணுவ நீதிமன்றத்தில் உறுப்பினர்களின் கருத்தைப் பதவியில் மிகக் குறைந்தவரிடமிருந்து தொடங்கி வரிசையாகக் கேட்க வேண்டும். மூத்தவர் சொன்ன பிறகு இளையவர் மாறுபட மாட்டார் என்பதை அந்த அமைப்பு அறிந்திருந்தது. அதற்காக அது பதவிகளை ஒழிக்கவில்லை, தோளிலிருக்கும் நட்சத்திரங்களைக் கழற்றி வைக்கச் சொல்லவும் இல்லை. பேசும் வரிசையை முன்பே எழுதிவைத்தது. எழுதிவைத்த விதிக்குக் கீழ்ப்படிவதில் படிநிலை அமைப்புகள் தேர்ந்தவை. அந்தக் குணத்தையே கூட்டத்துக்குத் துணையாக்கலாம். இளநிலை ஊழியர் முதலில் பேசும்போது அது அவருடைய துடுக்காகத் தெரியாது, முறையாகத் தெரியும். அவரைக் காப்பது அந்த முறைதான்.

இப்படியெல்லாம் கையெழுத்துப் போட எந்தத் தலைவரும் சம்மதிக்க மாட்டார் என்பது கடைசி மறுப்பு. சிலர் சம்மதிக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். அவர்கள் எடுத்த முடிவைச் சுற்றறிக்கையாக அனுப்பட்டும், அதில் பொய் இல்லை. ஊழியர்களைக் கூட்டி வைத்துக் கருத்துக் கேட்பதுபோல் கேட்டு, முன்பே எடுத்த முடிவுக்கு அவர்களையும் பொறுப்பாளிகளாக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காரியத்துக்குக் கருவியாகிறவர் கூட்டத்தை நடத்தும் மனிதர். நிறுவனத்தில் அவருக்கு அதிகாரம் எதுவும் இல்லாமல் இருக்கலாம், மறுக்கும் உரிமை இருக்கிறது. இந்த வேலைக்கு அழைக்கப்படும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: தலைவர் கையெழுத்திட்ட அந்தத் தாள் உங்கள் கைக்கு வராமல் கூட்டத்துக்குத் தேதி கொடுக்காதீர்கள்.