கோபால் தாத்தா

"ஒரு தடவை எழுது, எங்க வேணா ஓட்டு"ன்னு 1995ல ஜாவா வந்தப்போ என்னமோ உலக அதிசயம் மாதிரி பேசினாங்க. அடப் போங்கப்பா, எங்க கோபால் தாத்தா இதை அப்பவே செஞ்சுட்டார் :-) (கோபால்ங்கறது கம்ப்யூட்டர் மொழிங்க, எதிர்வீட்டு கோபால் இல்ல.)

பொட்டியை மாத்தினா ப்ரோக்ராம் எல்லாத்தையும் மறுபடி எழுதணும், செலவு தாங்கலன்னு 1959ல ஆரம்பிச்ச மொழி. 1960 டிசம்பர்ல ஒரே கோபால் ப்ரோக்ராம், சின்னச் சின்ன மாற்றத்தோட, ஆர்.சி.ஏ., யூனிவாக்னு ரெண்டு கம்பெனி பொட்டியிலயும் ஓடிச்சு.

அந்த 'சின்னச் சின்ன'வுல தான் என் பொழப்பே ஓடுது. ஐபிஎம் மெயின்ஃப்ரேம் கோபாலை யூனிக்ஸுக்குக் கொண்டுவந்தா கம்பைல் ஆயிடும். ஆனா அங்க எப்சிடிக். எழுத்து முன்னாடி, எண் பின்னாடி. இங்க ஆஸ்கி; அப்படியே தலைகீழ். அங்க வரிசைப்படுத்தின ஃபைலை இங்க இன்னொண்ணோட ஒப்பிட்டா, எரரே காட்டாம சில கணக்குகள் விட்டுப்போகும். அது யாரோ ஒரு பெரியவரோட பென்ஷனா இருக்கலாம்.

எந்த வரிசைன்னு ப்ரோக்ராம்லயே சொல்ல கோபால்ல வழி இருக்கு. அதனால கம்பைல் ஆச்சான்னு யாராவது கேட்டா, சார்ட் பார்த்தாச்சான்னு நான் திருப்பிக் கேப்பேன்.

மொழி எந்த ஊருக்கும் வந்துடும். டேட்டா தான் பொறந்த ஊர் பழக்கத்தை விடாது.