கூண்டுக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு பதிவேடு

நாய் பிடிப்பவர்களின் வேலை, தெரு முழுதாக விழிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆட்டோவும் பள்ளிப் பிள்ளைகளும் வந்துவிட்டால் வலை வீச இடமிருக்காது. தேர்ந்த ஆள் நாயைத் துரத்துவதில்லை. அது எந்தச் சந்தில் நுழையும், எந்தக் காருக்கு அடியில் பதுங்கும் என்று கணித்து, அந்த வழியில் ஒருவரை நிறுத்திவிட்டுத்தான் வலையை எடுக்கிறார். அந்தச் சில நொடிகளில் அவருடைய கண் வேறு சிலவற்றையும் பார்த்தாக வேண்டும்: கருத்தடை ஆனதன் அடையாளமாகக் காது நுனி ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறதா, ஆறு மாதம் நிரம்பிய நாய்தானா, மடி கனத்துத் தொங்குகிறதா. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியையும் பால் கொடுக்கும் தாயையும் பிடிக்கக் கூடாது என்பது 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதி. இடுக்கியும் கம்பியும் ஆகாது என்பதும் அதில் உண்டு. ஓடுகிற நாயின் மேல் இத்தனை சட்டத்தையும் வாசித்து முடிவெடுக்கிறவர் பெரும்பாலும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. சென்னை மாநகராட்சியின் நாய் இனக்கட்டுப்பாட்டு மையங்களைச் சீர்படுத்துவது பற்றிப் பேசுகிறவர்கள் அறுவைக் கூடத்திலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். எனக்கு அது வண்டியிலிருந்து தொடங்க வேண்டிய பேச்சாகவே தோன்றுகிறது.

1990-களின் நடுப்பகுதி வரை இந்த வண்டிக்கு ஒருவழிப் பயணம்தான். பிடித்த நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். 1996-இல் மாநகராட்சி கருத்தடை முறைக்கு மாறியது. கொன்றுவிடுகிற காலத்தில் நாய் எந்தத் தெருவில் பிடிபட்டது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. திரும்பக் கொண்டுபோய் விடவேண்டிய காலத்தில் அந்த விலாசம்தான் எல்லாம். பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்ற விதிக்கு இரக்கத்தைவிடப் பெரிய காரணம் உண்டு. நாய்கள் எல்லை வகுத்து வாழ்பவை. பக்கத்து வார்டில் இறக்கிவிடப்பட்ட நாய் அங்குள்ள கூட்டத்தோடு சண்டையிட்டு, மிரண்டு, தெரியாத மனிதர்கள்மேல் பாயக்கூடும். அது விட்டுப்போன எல்லைக்குள் கருத்தடை ஆகாத இன்னொன்று வந்து சேரும். விலாசம் தவறினால் செய்த அறுவையின் பலனில் பாதி அங்கேயே வீணாகிறது.

ஆனால் மையங்களின் செயல்பாட்டை நாம் அளப்பது எதை வைத்து? ஒரு நாய்க்கு இவ்வளவு என்று தொகை பேசி, அகற்றிய கருப்பைகளையும் விரைகளையும் வாளியில் போட்டு எண்ணிச் சரிபார்த்துப் பணம் கொடுப்பதே நாட்டின் பல நகரங்களில் நடைமுறை. செய்யாத அறுவைக்குப் பணம் வாங்குவதை அது ஓரளவு தடுக்கும்; அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாளிக்குள் தெரிவது அறுவை ஒன்றுதான். தையல் பிரிந்த நாய், கூண்டில் செத்த நாய், இன்னொரு தெருவில் இறக்கிவிடப்பட்ட நாய் என்று எல்லாமே அந்தக் கணக்கில் வெற்றிதான். எண்ணப்படுவதற்குத்தான் கூலி என்றால், எண்ணப்படாதது கவனத்திலிருந்து நழுவும். அதற்கு யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை.

நிர்வாகத்தின் அடிப்படை ஒரு சின்னப் பெருக்கல். நாளொன்றுக்கு 30 நாய்கள் வந்து, பட்டினி போடும் நாள், அறுவை நாள், காயம் ஆறும் நாட்கள் எல்லாம் சேர்த்து ஒவ்வொன்றும் 5 நாட்கள் தங்கினால் 150 இடங்கள் வேண்டும். மருத்துவர் இரண்டு நாள் விடுப்பில் போய், தங்கும் காலம் 7 நாட்களானால் 210. கட்டடம் வளராது. அப்போது இரண்டில் ஒன்று நடக்கும்: காயம் ஆறும் முன்பே நாய் வெளியேறும், இல்லையென்றால் ஒரு கூண்டில் மூன்று அடைபடும். மூன்று அடைபட்ட இடத்தில் பார்வோ புகுந்தால் நிற்காது. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். வழக்கமான பினாயிலுக்கு அடங்காது. முதலில் மலத்தைச் சுரண்டிக் கழுவி, பிறகு சரியான அளவில் கலந்த ப்ளீச்சிங் கரைசலை ஊற்றி, அது வேலை செய்யும் வரை காத்திருக்க வேண்டும். நலமான நாய்களின் கூண்டை முதலிலும் நோயுற்றவற்றின் கூண்டைக் கடைசியிலும் கழுவ வேண்டும். வரிசை மாறினால் துடைப்பமே நோயைச் சுமந்து போகும். கூண்டு கழுவுகிறவருக்கு இது கைப்பழக்கமாக வருவதற்குப் பயிற்சியும் நேரமும் தேவை. ஒரே ஆள் தீனி போட்டு, கழுவி, வண்டியிலும் ஏறவேண்டிய நாளில் முதலில் குறைவது அந்தக் காத்திருப்புதான். ஆகவே நாளின் வரவு, செலவு, சாவு, தங்கிய நாட்கள் ஆகிய நான்கையும் பார்க்காத மேற்பார்வை, சுவரில் அடித்த சுண்ணாம்பைத்தான் பார்க்கிறது.

இந்தத் தொழிலாளர்களின் உடம்பும் மேற்பார்வைக்குள் வரவேண்டும். வெறிநோய்க்கு எதிராக முன்கூட்டியே ஊசி போட்டுக்கொண்டவருக்குக் கடிபட்டால் அன்றைக்கும் மூன்று நாள் கழித்தும் இரண்டு ஊக்க ஊசிகள் போதும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. ஒப்பந்ததாரர் மாறும்போது ஆட்களும் மாறுகிறார்கள். புதிதாக வந்தவர் ஊசி போட்டுக்கொண்டாரா என்பது அவருடைய சம்பளப் பதிவுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டிய தகவல். அது இல்லாமல் ஒருவரை வலையோடு அனுப்புவதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிக் கடக்க முடியாது. அது வேலை கொடுப்பவரின் குற்றம். ஆள் அடிக்கடி மாறுவதில் இன்னோர் இழப்பும் இருக்கிறது. எந்தத் தெருவில் எத்தனை நாய்கள் மீதி, எவர் வீட்டுத் திண்ணையில் எது படுக்கும் என்ற அறிவு அவரோடு போய்விடுகிறது. அதை எந்தக் கணக்கெடுப்பும் ஈடுசெய்யாது.

எழுத்து வேலை கூடினால் அறுவை குறையும் என்பார்கள். 2024-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். கருத்தடை ஆனவை ஏறக்குறைய 27 சதவீதம். அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம். இந்த நெருக்கடியில் பதிவேட்டுக்கு நேரமேது என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் சிதறிக் கிடக்கும் ஆயிரம் அறுவைகளைவிட, ஒரு வார்டில் 70 சதவீதத்தைத் தொட்டு முடிப்பதே இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும். எங்கே பிடித்தோம் என்று எழுதாதவர்களுக்கு எந்த வார்டு முடிந்தது என்று தெரியப்போவதில்லை. படிப்பு குறைந்த தொழிலாளர்களால் பதிவு செய்ய இயலுமா என்று கேட்பவர்கள் கோவாவைப் பார்க்கலாம். அங்கே வெறிநோய்த் தடுப்பூசிக் குழுக்கள் தெருவில் நின்றபடியே கைப்பேசிச் செயலியில் இடக்குறிப்போடு ஒவ்வொரு நாயையும் பதிந்தன. 2021-இல் அந்த மாநிலம் வெறிநோய் கட்டுக்குள் வந்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. சென்னை மாநகராட்சியும் மைக்ரோசிப் பொருத்தத் தொடங்கியிருக்கிறது. பிடித்த இடமும் விட்ட இடமும் ஒரே எண்ணின்கீழ் ஏறினால், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அதிகாரி மேசையிலிருந்தே பார்த்துவிடலாம். கண்காணிப்பு கேமரா இருக்கிறதே என்பது இன்னொரு பதில். கேமரா இருக்கட்டும். ஆனால் நாள் முழுக்க அதைப் பார்க்க ஆள் யார்? கேமரா பெரும்பாலும் புகார் வந்த பிறகுதான் பயன்படுகிறது.

கடினமான மறுப்பு வேறொன்று. நாய்களைத் திரும்ப விடவே வேண்டாம், நிரந்தரமாக அடைத்துவையுங்கள் என்கிறார்கள்; குழந்தை கடிபட்ட வீட்டார் அப்படிக் கேட்பதில் எனக்கு வியப்பில்லை. 2025 ஆகஸ்டில் தில்லிக்கு அப்படியோர் உத்தரவு போட்ட உச்ச நீதிமன்றம், அதே மாதம் 22-ஆம் தேதி அதைத் திருத்தி, வெறிநோய் கொண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை விடச் சொன்னது. நவம்பர் 7-ஆம் தேதி, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடிபடுபவற்றை அங்கேயே திரும்ப விடாமல் காப்பகத்தில் வைக்கச் சொன்னது. ஆக, நிரந்தரக் காப்பகம் ஓரளவுக்கு வந்தே தீரும். இங்கே அதே பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். நாளுக்குப் பத்து நாய்கள் வெளியேறாமல் தங்கினால் ஓராண்டில் 3,650 இடங்கள் வேண்டும். அடுத்த ஆண்டும் ஏறக்குறைய அவ்வளவு. ஐந்து நாள் தங்கலையே எழுதிவைக்காத ஒரு நிர்வாகத்திடம் ஆயுள் முழுவதும் தங்கும் நாய்களை ஒப்படைத்தால், அங்கே இடம் காலியாவது சாவினால் மட்டுமாகத்தான் இருக்கும். சாவைப் பதியாத இடத்தில் அது நிர்வாகத் திறமையாகவும் தோன்றும்.

புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாநகராட்சி ஆணையர் தலைமையில், கால்நடைத் துறை, பொதுச் சுகாதாரம், விலங்கு நல அமைப்புகளின் ஆட்களைக் கொண்ட உள்ளூர்க் கண்காணிப்புக் குழுவை விதிகளே வகுத்திருக்கின்றன. அதன் கூட்டத்துக்கு நாய் பிடிப்பவர் ஒருவரையும் கூண்டுப் பராமரிப்பாளர் ஒருவரையும் அழைப்பதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. ஒவ்வொரு மையத்தின் சாவுக் கணக்கையும் மாதந்தோறும் வெளியிடலாம். தொகையில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, நாய் பிடித்த இடத்திலேயே விடப்பட்டது உறுதியான பிறகு கொடுக்கலாம். தொண்டு நிறுவனங்கள் இந்த நிபந்தனைக்கு ஒப்பந்தம் எடுக்க முன்வராது என்ற அச்சம் அதிகாரிகளுக்கு இருக்கிறது. தொகையைச் சற்று உயர்த்தி, பதிவு செய்கிற ஓர் ஆளின் சம்பளத்தையும் அதில் சேர்த்துவிட்டுக் கேட்டுப் பார்த்தால், ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் விலக மாட்டார்கள் என்பது என் கணிப்பு. வாளிக் கணக்கில் அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இன்றைக்கு ஒரே கூலிதான்.