கை உரியும் மாதம்

11.11.2024, திங்கள்
மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. வலது கட்டைவிரல் நுனியில் ஒரு வெள்ளை வட்டம். கொப்புளம் மாதிரி, ஆனால் உள்ளே நீர் இல்லை. உடைந்ததும் ஓரம் சுருண்டு நிற்கிறது. அரிப்பில்லை, எரிச்சலில்லை. பிய்க்கக் கூடாது. பிய்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

13.11, புதன்
பென்ஷன் ஆயுள் சான்றுக்காகக் காரைக்கால் போனேன். ரேகை விழவில்லை. வலது, இடது, பத்து விரலும் வைத்தாயிற்று. “துடைச்சிட்டு வைங்கம்மா.” துடைத்தால் துணியோடு இன்னும் கொஞ்சம் தோல் வருகிறது. எதிரே முழுசாக நிற்கிறேன், விரல் சாட்சி சொல்லணுமாம். திரும்பும்போது வரிச்சிக்குடி வரை நின்றுகொண்டே வந்தேன். கம்பியைப் பிடிக்கக் கூச்சம்.

16.11, சனி
கார்த்திகை பிறந்தது. மழை. நெத்திலி ஆய்ந்தேன். உப்பு பட்டு உயிர் போகிறது. எரிச்சலில்லை என்று எழுதியவளைக் கூப்பிடு.

19.11, செவ்வாய்
தோல் டாக்டர் சீட்டில் ‘கெரட்டோலைசிஸ் எக்ஸ்ஃபோலியேட்டிவா’ என்று எழுதினார். மேல்தோலில் செல்களைக் கட்டிவைக்கிற பிணைப்பு நேரத்துக்கு முன்னாடியே அறுந்துபோகுதாம். பலருக்கு வெயில் காலத்தில் வருமாம். எனக்கு மட்டும் ஐப்பசி கார்த்திகை. ஒட்டாது, பயப்பட வேண்டாம் என்றார். சோப்புத் தண்ணீரில் கை வைக்காதீங்க என்றார். யார் வைப்பது?

யூரியா கலந்த களிம்பு. மகன் சிரிக்கிறான்: “சம்பாவுக்கு மேலுரம், அம்மாவுக்கும் மேலுரம்.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் வந்தது.

22.11, வெள்ளி
மறுபடி போனேன். விழவில்லை. 30க்குள் கொடுக்கணும். ரேகையின் வார்ப்பு அடித்தோலில் இருக்கிறது, எத்தனை தடவை உரிந்தாலும் அதே ரேகைதான் திரும்பும் என்று டாக்டர் சொன்னாரே. திரும்பட்டும். 30க்குள் திரும்பணும்.

27.11, புதன்
விடாத மழை. நண்டலாறு கலங்கல். உள்ளங்கை நடுவில் பெரிய பாளமாக உரிந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கோடு கோடாகத் தெரிந்தது. கீழே போட மனசில்லை, போட்டேன்.

28.11, வியாழன்
பேத்தி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முகத்தைக் காட்டினாலே போதுமாம். 2021லேயே வந்துவிட்ட வசதி. காரைக்காலில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. “அப்பாயி, கண்ணைச் சிமிட்டு.” சிமிட்டினேன். “மெதுவா!” சிமிட்டினேன். கரண்ட் போய், சிக்னல் போய், ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாங்கிக்கொண்டது. உயிரோடுதான் இருக்கிறேன். களிம்பு போட மறந்தேன்.

1.12, ஞாயிறு
நேற்று ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. அங்கே ஒரே நாளில் 46 செ.மீ. என்கிறது டிவி. தங்கச்சி அங்கே. போன் போகவில்லை. விரலைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கிடைத்தாள். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீராம். என் கையைப் பற்றி விசாரிக்கிறாள், பைத்தியம்.

10.12, செவ்வாய்
புதுத்தோல். இளஞ்சிவப்பு, வழவழப்பு. காபி டம்ளர் சுடுகிறது, துண்டு சுற்றிப் பிடிக்கிறேன். பேத்தி போன் பூட்டில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். பதிந்தது! இப்போது பதிந்து என்ன? இருந்தாலும் நாலு தடவை வைத்துப் பார்த்தேன்.

இடது மோதிர விரலில் ஒரு வெள்ளை வட்டம். களிம்பு தீர்ந்துவிட்டது. நாளைக்கு வாங்கிவரச் சொல்லணும்.