அயோடின் வயிற்றிலும் தங்குகிறது

ஜூன் 3

தைராய்டு சுரப்பியை எடுத்துவிட்ட எனக்குக் கதிர் அயோடின் கொடுக்க நாள் குறித்துவிட்டார்கள். 100 மில்லிகியூரி. அதுவரை மீன், முட்டை, பால், தயிர் எதுவும் கூடாது. உப்புதான் பெரும்பாடு. கல்லுப்பில் அயோடின் இருக்காது என்று அத்தை ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். பின்பக்கம் படித்தால் அதிலும் சேர்த்திருக்கிறார்கள். தைராக்சின் மாத்திரையை நிறுத்தியதில் ஜூன் வெயிலிலும் குளிர்கிறது.

மதியம் அண்ணன் போன் செய்தார். "உனக்கு வயித்துல ஒரு கிருமி இருக்குன்னாங்களே, இந்த மருந்து அதையும் சேத்துக் கொன்னுடுமாம். எங்கயோ படிச்சேன்." எதையும் பாதிதான் படிப்பார். இருந்தாலும் கேள்வி அபத்தமில்லை.

ஜூன் 5

கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று மருத்துவ உலகம் நம்பியிருந்தபோது, 1984இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பாரி மார்ஷல் இதை வளர்த்துக் குடித்தே காட்டினார். இரைப்பை அழற்சி வந்தது. 2005இல் ராபின் வாரனோடு நோபலும் வந்தது.

அண்ணன் சொன்னதற்கு அடிப்படை உண்டு. அயோடினை ரத்தத்திலிருந்து உள்ளே இழுக்கும் புரதம் தைராய்டுக்கு மட்டும் உரியதல்ல. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் இரைப்பையின் உட்சுவரிலும் இருக்கிறது. விழுங்கிய கேப்சூல் முதலில் வயிற்றில் கரைகிறது. ரத்தத்தில் கலந்த அயோடினை இரைப்பை மறுபடி எடுத்துத் தன் சாற்றில் விடுகிறது. சிகிச்சைக்குப் பின் எடுக்கும் ஸ்கேனில் வயிறு தெரிவது வாடிக்கைதான். கிருமி குடியிருப்பதும் அதே உட்சுவரை மூடிய சளிப்படலத்தில்.

ஜூன் 8

ஈரானில் மருத்துவர்கள் சிலர் கதிர் அயோடினுக்கு முன்னும் பின்னும் இந்தக் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். கிருமி இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிறகு அது தெரியவில்லை. பெரும்பாலானோருக்கு அப்படியே இருந்தது. அண்ணன் படித்தது முதல் பாதியாக இருக்கும்.

வேதியியல் வாத்தியார் வேலை பார்த்த கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். புண்ணில் தடவும் அயோடின் கிருமியைக் கொல்லும், சரி. ஆனால் 100 மில்லிகியூரி கதிர் அயோடின், அதாவது ஐ-131, தூய நிலையில் ஒரு மைக்ரோகிராம்கூட எடை வராது. நாம் உணவில் தினமும் உண்ண வேண்டியதே 150 மைக்ரோகிராம். ஆக ரசாயனத்தால் நடக்க வழியில்லை. மிச்சம் கதிர்வீச்சு. ஐ-131 விடும் பீட்டா கதிர் திசுவில் இரண்டொரு மில்லிமீட்டர்தான் போகும். சளிப்படலத்துக்கு அது போதும். அளவுதான் உதைக்கிறது. பெரும்பாலான பாக்டீரியாவை ஒழிக்க நூற்றுக்கணக்கான கிரே (உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) வேண்டும். வழக்கமான அட்டவணைகளின்படி இந்தச் சிகிச்சையில் இரைப்பைச் சுவருக்குக் கிடைப்பது சில கிரேக்குள் அடங்கும்.

அப்படியானால் அந்தச் சிலருக்குக் கிருமி போனது எப்படி? மூச்சுப் பரிசோதனை கிருமியை எண்ணுவதில்லை. அதன் நொதி யூரியாவை உடைத்து விடும் கரியமில வாயுவைத்தான் அளக்கிறது. கிருமி குறைந்தாலே 'இல்லை' என்று வந்துவிடலாம். குமட்டலுக்கு யாராவது அமிலம் குறைக்கும் மாத்திரை கொடுத்திருந்தாலும் அப்படித்தான். என் சந்தேகம் அங்கேதான் நிற்கிறது.

ஜூன் 14

ஆஸ்பத்திரியில் தனியறை. கேப்சூல் ஈயக்குடுவையிலிருந்து வந்தது. போன வருஷம் மூச்சுப் பரிசோதனைக்கு விழுங்கியதும் கதிர் கேப்சூல்தான், கார்பன்-14, ஒரு மைக்ரோகியூரி. இது அதைப்போல் ஒரு லட்சம் மடங்கு. அன்றும் பயமில்லை, இன்றும் இல்லை, பசிதான்.

இன்டர்காமில் டாக்டரைக் கேட்டேன். சிரித்தார். "போனா சந்தோஷம் மேடம். ஆனா அதை நம்பி ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப் போடாதீங்க. உங்க தைராக்சினுக்காகவே அந்தக் கிருமி போகணும்."

ஜூன் 17

வீட்டில் தனி அறை, தனிக் குளியலறை. பேத்தி கதவுக்கு வெளியே நின்றுதான் பேசுகிறாள். ஐ-131இன் அரை ஆயுள் எட்டு நாள் என்பதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், தினமும் "பாதியாச்சா?" என்கிறாள்.

டாக்டர் சொன்னதைத் தேடிப் படித்தேன். 2006இல் ரோமைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்டது. இந்தக் கிருமியால் இரைப்பை அழற்சி உள்ளவர்களுக்கும், இரைப்பை தேய்ந்து அமிலம் சரியாகச் சுரக்காதவர்களுக்கும் தைராக்சின் 22 முதல் 34 சதவீதம் வரை கூடுதலாகத் தேவைப்பட்டது. மாத்திரை கரைந்து ரத்தத்தில் சேர அமிலம் வேண்டும். கிருமியை ஒழித்ததும் அதே மாத்திரை நன்றாக வேலை செய்தது. தைராய்டு மருந்து கிருமியை என்ன செய்யும் என்று அண்ணனும் நானும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். கிருமி தைராய்டு மருந்தை என்ன செய்கிறது என்பதல்லவா என்னைப் போன்றவளுக்கு முக்கியம்! சுரப்பியே இல்லாதவளுக்கு அந்த மாத்திரையை விட்டால் வேறென்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 20

ஆன்டிபயாடிக் தொடங்குமுன் மறுபடி ஊதிப் பார்த்தோம். கிருமி இருக்கிறது. அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். "ஒருத்தியை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது" என்று பதில் போட்டார். நியாயம்தான்.

பதினான்கு நாள் மருந்து. கிருமி போனபின் இதே 125 மைக்ரோகிராம் தைராக்சின் கூடுதலாக உடம்பில் சேரலாம். படபடப்பு வந்தால் உடனே வரச் சொன்னார்கள். வராவிட்டாலும், மாத்திரை அளவு சரியா என்று ரத்தத்தில் டிஎஸ்எச் பார்க்க வேண்டும். மூச்சுப் பரிசோதனைக்கு முன் ஆன்டிபயாடிக் முடிந்து நான்கு வாரம், அமில மாத்திரை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருக்க வேண்டும். இரண்டு பரிசோதனையையும் ஒரே நாளில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பஸ் செலவு ஒன்றோடு போகும்.