பாலாற்றுப் பிள்ளையும் எம்சர் ஆறும்

கல்வியின் பொருட்டுச் சீனம் வரையிலும் செல்லப் பணிக்கப்பட்ட சமுதாயம் நம்முடையது என்று மீலாது மேடைகளில் நாம் முழங்காத ஆண்டில்லை. அச்செய்தியின் அறிவிப்பாளர் தொடர் வலுவற்றது என ஹதீஸ் கலை வல்லார் கூறுவதை ஆலிம் பெருமக்கள் அறிவர். எனினும் மேடைக்கு அது வேண்டியிருக்கிறது. நம் தமக்கையாரின் மகன் உண்மையிலேயே கடல் கடக்கப் புறப்பட்ட நாளில்தான், முழங்கிய நமக்கே அதில் எத்துணை நம்பிக்கை இருந்தது என்பது வெளிப்பட்டது.

சென்னையில் கட்டடக்கலைப் பட்டம் பெற்ற அவன், மேற்படிப்புக்கு எடுத்துக்கொண்டது நிலவெளி வடிவமைப்பு. 'லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்' என்று ஆங்கிலத்தில் சொன்னால் வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. தமிழில் சொன்னபோது இன்னும் விளங்கவில்லை. "தோட்டக்காரன் வேலைக்கு எதற்கப்பா இத்தனை வருடம்?" என்று அவன் தந்தையார் கேட்டார். கூடியிருந்தோர் நகைத்தனர்; நாமும் நகைத்தோம். தெரு, பூங்கா, நீர்நிலை, மழைநீர் ஓடும் வழி, மனிதர் கூடும் வெளி, கைவிடப்பட்ட தொழிற்சாலையின் மண் ஆகிய அனைத்தும் அப்படிப்பில் அடங்கும் என்பதைப் பின்னரே அறிந்தோம். நம் மைத்துனர்க்குப் பாலாற்றங்கரையில் ஒரு டேனரியில் பங்குண்டு என்பதை இவ்விடத்தே கூறிவிடுதல் நலம். இக்கட்டுரை அங்குதான் சென்று சேரும்.

2018-ஆம் ஆண்டுக் கோடையில் செர்மனி நாட்டில் பன்னிரண்டு கிழமை பயிற்சிப் பணிக்கு அவனுக்கு இடம் கிடைத்தது. 'யார் அழைத்தார்? ஏன் அழைத்தார்?' என்று தமக்கையார் துருவித் துருவிக் கேட்டார். விடை கூறும் பொறுப்பு, கல்லூரி ஆசிரியர் என்ற ஒரே தகுதியால், நம்மீது சுமத்தப்பட்டது. நாமும் நூலகத்தில் தேடிப் படித்தோம்.

இரண்டாம் உலகப்போர் ஓய்ந்து மூன்றாண்டு நிறைவதற்கு முன், 1948 சனவரித் திங்களில், இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பத்து ஐரோப்பிய நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். தொழில்நுட்பம் பயிலும் மாணவரைத் தத்தம் நாட்டு நிறுவனங்களில் பயிற்சிக்காக மாற்றிக்கொள்ளும் 'ஐயேஸ்ட்டி' என்னும் சங்கம் அங்குப் பிறந்தது. இன்று அது பல கண்டங்களில் பரவி நிற்கிறது. அதன் முறை நம் கடைவீதி வணிகர்க்கு எளிதில் விளங்கும் பண்டமாற்று முறையேயாகும். ஒவ்வொரு நாடும் தன் நிறுவனங்களிடம் பயிற்சி இடங்களைத் திரட்டுகிறது; ஆண்டுதோறும் கூடும் மாநாட்டில் ஓரிடம் கொடுத்து ஓரிடம் பெறுகிறது. பயணச் செலவு மாணவனுடையது. அவன் உண்டு உறைவதற்குப் போதுமான உதவித்தொகையைப் பணியளிக்கும் நிறுவனம் தருகிறது. சென்னையில் ஓர் அலுவலகம் அயல்நாட்டுப் பிள்ளை ஒருவர்க்கு நாற்காலி ஒன்று ஒதுக்கச் சம்மதித்தால்தான் நம் பிள்ளைக்கு அங்கு ஒரு நாற்காலி என்பது இதன் பொருள். "அப்படியென்றால் நம் பிள்ளை போனால் அவர்கள் பிள்ளை வரும்" என்றார் தமக்கையார். இவ்வளவு தெளிவாக நாம் அதை உணர்ந்திருக்கவில்லை.

ரூர் என்னும் நிலக்கரிப் பகுதியில், டூயிஸ்பர்க் நகரை அடுத்த ஒரு சிறு அலுவலகத்தில் அவன் அமர்த்தப்பட்டான். கிழமைதோறும் தமிழில் மடல் எழுத வேண்டும் என்பது நம் கட்டளை. எழுதினான், நாம் ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பினோம். அது ஆசிரியத் தொழிலின் நோய். முதல் மூன்று மடல்களில் பிழையைவிடப் புலம்பலே மிகுதி. வரைபடங்களில் ஒட்டுவதற்காகக் கணினித் திரையில் மரங்களை வெட்டியெடுக்கும் வேலை மட்டுமே அவனுக்குத் தரப்பட்டதாம். 'மாமா, இதுவரை நானூறு மரம் வெட்டிவிட்டேன். ஒன்றுகூட நடவில்லை' என்று எழுதியிருந்தான். பயிற்சி என்னும் பெயரால் இளைஞரின் உழைப்பை மலிவாகப் பெறும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு போலும். நம் ஊரிலும் பட்டறைப் பையன்கள் முதலாண்டு முழுதும் தேநீர் வாங்கித்தானே வருகின்றனர்! 'வாய் திறந்து கேள்' என்று ஒரு வரி எழுதினோம். கேட்டான், நான்காம் கிழமை முதல் களத்திற்கு அழைத்துச் சென்றனர்.

நான்காம் மடலில் அவன் தமிழே மாறியிருந்தது. டூயிஸ்பர்க்கின் மைடரிக் பகுதியில் தைசன் நிறுவனத்தின் இரும்பாலை ஒன்று 1985-இல் மூடப்பட்டது. உலைகளும் புகைபோக்கிகளும் நின்றன. மண்ணோ நஞ்சேறிக் கிடந்தது. அவற்றை இடித்துத் தள்ளிப் புல்தரை விரிப்பதே எவர்க்கும் தோன்றும் வழி. பீட்டர் லாட்ஸ் என்னும் நிலவெளி வடிவமைப்பாளர் அவ்வழியை ஏற்கவில்லை. 1991-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவருடைய திட்டம் உலைகளை அப்படியே நிற்கவிட்டது. 1994-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அப்பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 180 எக்டேர். வாயுக்கலம் ஒன்றில் நீர் நிரப்பி முக்குளிப்போர் பயில்கின்றனர். தாதுக் கிடங்கின் சுவர்களில் மலையேற்றம் பழகுகின்றனர். வார்ப்பறையில் கிடந்த 49 இரும்புப் பலகைகளைச் சதுரமாக அடுக்கி ஒரு முற்றம் அமைத்துள்ளனர். துரு அதன் அழகாகவே கருதப்படுகிறது. ஐந்தாம் உலையின் உச்சிவரை ஏறி நின்று ஊரைக் காணலாம்.

அவன் நெஞ்சைத் தைத்தது இவற்றுள் எதுவுமன்று. மிகக் கொடிய நஞ்சேறிய இடிபாடுகளை அவர்கள் ஊர்க்கோடியில் கொட்டிவிட்டு வரவில்லை. பூங்காவின் கிடங்குகளுக்குள்ளேயே இட்டு, மூடி முத்திரையிட்டு, மேலே தோட்டம் அமைத்தனர். எங்கே என்ன புதைந்துள்ளது என்பது வரைபடத்தில் உள்ளது. 'மறைக்கவில்லை மாமா, மூடியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல' என்று எழுதியிருந்தான். அம்மடலில் ஒற்றுப்பிழை தேட நமக்கு மனம் வரவில்லை.

அப்பூங்காவினூடே ஓடும் பழைய எம்சர் கால்வாயின் கதை இன்னும் நெடியது. எம்சர் ஆறு நூறாண்டுக்கு மேலாக அப்பகுதியின் திறந்த சாக்கடையாக இருந்தது. சுரங்கம் தோண்டத் தோண்ட மேல்நிலம் தாழ்ந்தமையால், நிலத்தடியில் குழாய் பதித்தால் உடைந்துவிடும். ஆகவே ஆற்றையே காங்கிரீட் வாய்க்காலாக்கி அத்தனைக் கழிவையும் அதில் விட்டனர். 1899-இல் நகரங்களும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து ஒரு கூட்டுறவை அமைத்திருந்தன. நீரை அழுக்காக்குவோர் அதன் செலவில் பங்கு தர வேண்டும் என்பது அதன் நடைமுறை. சுரங்கங்கள் விலகி நிலம் அசையாது நின்ற பிறகு, 1992-இல் அக்கூட்டுறவே ஆற்றை மீட்கும் பணியைத் தொடங்கியது. 51 கிலோமீட்டர் நீளத்திற்கு நிலத்தடிக் கழிவுநீர்ப் பாதை அமைத்து, 2021-ஆம் ஆண்டின் இறுதியில் ஆற்றைக் கழிவினின்று விடுவித்தனர். முப்பதாண்டு, ஏறத்தாழ 550 கோடி யூரோ. நம் பிள்ளை அங்கிருந்தபோது பணி முடிந்திருக்கவில்லை; ஆறு பாதி நாற்றமும் பாதி நாணலுமாக இருந்ததாம்.

பாலாற்றங்கரையில் பிறந்தவன் இதை எப்படிப் படிப்பான்? நந்தி மலைப் பகுதியில் தோன்றி வரும் நம் ஆறு பெரும்பாலான நாள்களில் வெறும் மணல். ஆவாரம் பட்டை கொண்டு தோல் பதனிட்ட பாட்டனார் காலம் போய், குரோமிய உப்பு வந்தது. கிணறுகள் உவர்த்தன. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழ்பட்டதாகக் கூறும் ஆய்வு எடுத்துக்காட்டப்பட்டது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பே உரைத்தது. இந்தியாவெங்கும் சட்டக் கல்லூரிகளில் அது பாடம். நம் கல்லூரி விழாக்களில் அதைப் பற்றி ஒரு சொற்பொழிவேனும் நிகழ்ந்ததாக நமக்கு நினைவில்லை. பள்ளிவாசலுக்கும் மதரசாவுக்கும் கல்லூரிக்கும் வாரி வழங்கிய கைகள் தோல் வணிகர் கைகளே. நாம் உண்ட சோறும் அதுவே. அவர்கள் ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை தந்தனர் என்பதும் மெய். மெய்கள் இரண்டு இருக்கும்போது ஒன்றைப் பேசாதிருப்பது எளிதாக இருந்தது.

மார்க்ஸ்லோ என்னும் பகுதியிலுள்ள பள்ளிவாசலில் அவன் ஜும்ஆ தொழுதான். 1961-ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பின் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் உழைக்க வந்த துருக்கியர்களின் வழியினர் 2008-இல் கட்டிய பள்ளி அது. முன்னர் அவர்கள் தொழுத இடம் சுரங்கத் தொழிலாளரின் பழைய உணவுக்கூடம். பள்ளியோடு, எல்லா மதத்தினரும் வந்து அமரும் சந்திப்பு மனையும் உண்டு. அதற்கு மாநில அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் நிதி நல்கின. இரும்பாலையில் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர் அங்கு அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, பொது மொழி ஏதுமின்றியே, தம் இருமலைக் காட்டி உலையின் திசையைக் காட்டினாராம்.

2019 சூலையில் பண்டமாற்றின் மறுபாதி வந்தது. சென்னை அலுவலகத்திற்கு வந்த செர்மானிய மாணவி ரூர் பகுதியினளே. நம் பிள்ளை தேர்வில் சிக்கியிருந்தமையால், நான்கு நாள் விடுமுறைக்கு வந்த அவளுக்கு ஊரைக் காட்டும் பணி நமக்கு வாய்த்தது. தமக்கையாரும் அவளும் இரண்டே நாளில் தாயும் மகளுமாயினர். ஆம்பூர்ப் பிரியாணிக்கு அவள் மூன்று முறை கை நீட்டினாள். ஏலகிரி காட்டினோம், பள்ளிவாசல் ஹவுளின் படிக்கட்டைக் காட்டினோம், அவள் அதை அளந்து வரைந்தாள். நாம் அறுபதாண்டு ஒளுச் செய்த ஹவுளுக்கு எத்தனைப் படி என்பதை அவள் தாளில் பார்த்துத்தான் அறிந்தோம்.

மூன்றாம் நாள் அவள் கேட்டாள்: "ஆற்றங்கரையில் மூடிக் கிடக்கும் டேனரி ஒன்று உங்கள் குடும்பத்துடையது என்று கேள்விப்பட்டேன். பார்க்கலாமா, ஐயா?" மைத்துனர் நம் முகத்தைப் பார்த்தார். "சாவி சென்னையில் இருக்கிறது" என்றோம். சாவி நம் சட்டைப் பையில் இருந்தது. நாற்பதாண்டு தமிழ் கற்பித்த வாய் அத்துணை எளிதாக அப்பொய்யைச் சொன்னது. அவள் தலையசைத்தாள். அவள் பிறந்த ஊரில் துருப்பிடித்த உலைக்குள் விருந்தினரை அழைத்துச் செல்வார்கள். அவள் நம்மை நம்பினாளா என்பதை அவள் முகம் காட்டவில்லை. விடைபெறும்போது தமக்கையாரை மட்டும் நெடுநேரம் தழுவி நின்றாள்.

இதை நாம் மருமகனிடம் ஒப்புக்கொள்ள ஓராண்டாயிற்று. நோய்ப் பரவலால் எல்லாப் பயணமும் நின்ற 2020-இல், வீட்டில் அடைபட்டிருந்த ஒரு மாலை அது. அவன் சினக்கவில்லை. "சாவியைக் கொடுங்கள் மாமா" என்றான்.

அம்முற்றத்தில் கழிவுநீரை வெயிலில் ஆவியாக்கிய ஆழமற்ற தொட்டிகள் வரிசையாகக் கிடந்தன. தோலினின்று உதிர்த்த உப்பு ஒரு மூலையில் குவியலாக இறுகியிருந்தது. வேலிக்கருவை மட்டும் செழித்திருந்தது. அவன் தொட்டி தொட்டியாக மண்ணெடுத்துச் சீட்டு ஒட்டினான். தந்தையார் வாயிலில் நின்று பார்த்தார், உள்ளே வரவில்லை. ஆய்வுக்கூடத்தின் தாள் வந்தபோது அதை மடித்துத் தம் கணக்குப் புத்தகத்துள் வைத்துக்கொண்டார். 2025 சனவரியில் உச்சநீதிமன்றம் இழப்பீடு பற்றியும் பாலாற்றின் மீட்பு பற்றியும் மீண்டும் கடுமையாகப் பேசியபோதுதான் அத்தாளை வெளியே எடுத்து, "உன் தோட்டக்கார வேலைக்கு எவ்வளவு செலவாகும்?" என்று மகனைக் கேட்டார். பதில் தொகையைக் கேட்டு இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. இப்போது கூட்டாளிகளோடு பேச்சு நடக்கிறது. அவர்களுள் ஒருவர் வீட்டுமனையாக விற்றுவிடலாம் என்கிறார். மனையாக விற்றால் வாங்குவோரிடம் அத்தாளைக் காட்ட வேண்டும் என்பது பிள்ளையின் பிடிவாதம். முடிவு ஏற்படவில்லை.

வருகிற சூலையில் சென்னை அலுவலகத்திற்கு வேறொரு நாட்டு மாணவர் வருகிறார். இம்முறையும் நான்கு நாள் நம் ஊருக்கு. காரம் தாங்குவாரா என்று தமக்கையார் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். நாம் பூட்டுக்கு எண்ணெய் விட்டு வந்தோம், மழையில் துருவேறியிருந்தது.