நலம் விசாரிக்க வந்தவரைத் திருப்பி அனுப்பினேன்



ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் ஆற்ற வேண்டிய கடமைகளுள் நோயாளியை நலம் விசாரிப்பதும் ஒன்று என்று பல ஆண்டுகளாக மதரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருபவள் நான். ஸலாமுக்குப் பதில் சொல்வது, ஜனாஸாவைப் பின்தொடர்வது என்று விரல் மடித்து எண்ணச் சொல்வேன். அப்படிப்பட்ட நான், என் கணவரைக் காண மேலப்பாளையத்திலிருந்து இரவெல்லாம் ரயிலில் வந்த அவருடைய மூத்த சகோதரியை மாடிப்படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் கணவருக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதடைந்து, மூன்றாண்டுகள் டயாலிசிஸில் கழிந்தன. வாரத்துக்கு மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். தம் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருவதாக முதலில் முன்வந்தவர் என் மதினிதான். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததால் மருத்துவர்கள் மறுத்துவிட்டார்கள். அன்று மருத்துவமனை வராந்தாவில் அவர் அழுத அழுகையை நான் மறக்கவில்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை வரிசைப்படி வழங்கும் அரசுத் திட்டம் 2008-ஆம் ஆண்டு தொடங்கியது. அந்தப் பட்டியலில் பெயர் பதிந்து காத்திருந்தோம். இது மார்க்கத்தில் கூடுமா என்று எங்கள் மஹல்லாவில் சிலர் கேட்டார்கள். 1988-இல் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹ் அகாடமியின் அறிஞர்கள், இறந்தவர் முன்பே இசைந்திருந்தாலோ அவருடைய வாரிசுகள் இசைந்தாலோ கூடும் என்றும், விலைக்கு விற்பது மட்டும் கூடாது என்றும் முடிவு செய்திருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு அதைச் சொன்னேன்.

2023 பிப்ரவரியில், ரஜப் மாதத்து ஓரிரவில் தொலைபேசி அழைத்தது. எதையும் உண்ணாமல் உடனே வரும்படி சொன்னார்கள். சுப்ஹு பாங்கு சொல்லும் வேளையில் அவரை அறுவைக் கூடத்துக்குள் கொண்டு போனார்கள். சிறுநீரகம் தந்தவர் யார், எந்த ஊர், எந்தச் சமயம் என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. சொல்வது வழக்கமும் இல்லை. அந்த வீட்டிலும் அதே நேரத்தில் ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள் என்ற எண்ணத்துடனேயே தொழுதேன்.

பழைய சிறுநீரகங்களை எடுக்காமலேயே புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாகப் பொருத்துகிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். மூன்றாம் நாள் தனியறைக்கு வந்ததும், முகக்கவசமும் மேலங்கியும் அணிந்து அவருடன் இருக்க என்னை அனுமதித்தார்கள். எவ்வளவு நீர் உள்ளே போனது, எவ்வளவு சிறுநீர் வெளியே வந்தது என்று குறித்து வைப்பது என் வேலையாயிற்று. பிள்ளைகளின் பாட நோட்டு ஒன்று கைப்பையில் இருந்தது. அதன் பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். சிறுநீரே ஏறக்குறைய வற்றிப்போயிருந்த மனிதரின் கட்டிலருகே அந்தப் பை நிறைவதைக் கண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றேன். நஜீஸ் என்றும், ஆடையில் பட்டால் கழுவ வேண்டும் என்றும் நாள்தோறும் பாடம் நடத்துகிறவளுக்கு அதைக் கண்டு கண்ணீர் வந்தது. குழாயுடன் எப்படித் தொழுவது என்று அவர் கலங்கினார். மஃதூரின் சட்டத்தைச் சொல்லி, ஒவ்வொரு வக்துக்கும் உளூச் செய்வித்துப் படுத்தபடியே தொழ வைத்தேன்.

மற்ற நாட்கள் அவ்வளவு எளிதாக இல்லை. வாழ்நாளில் என்னை ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர், கஞ்சியில் உப்பில்லை என்று கோப்பையைத் தள்ளிவிட்டார். ஸ்டீராய்டு மாத்திரை சிலருக்கு உறக்கத்தைப் பறித்துச் சினத்தை மூட்டும் என்று செவிலிப்பெண் சொன்ன பிறகுதான் என் மனம் ஆறியது. மற்றொரு மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் தர வேண்டும். ஆனால் இரத்தத்தில் அதன் அளவைச் சோதிக்கும் நாளில், இரத்தம் எடுத்த பிறகே காலை மாத்திரை. ஒருநாள் பழக்கத்தில் கொடுக்கப்போய், வாயருகே சென்ற கையைப் பின்னுக்கு இழுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் பல்லாவரத்தில் எங்கள் வீட்டு மாடியறைக்கு வந்தோம். மருத்துவமனையில் ஆட்களைத் தடுக்கக் காவலாளி இருந்தார். வீட்டில் நான்தான் காவலாளி.

சகோதரிகளே, அந்த மாத்திரைகளின் வேலை இதுதான்: அயலாருடைய உறுப்பை உடல் பகையென்று தாக்காமலிருக்க, உடலின் எதிர்ப்பாற்றலைத் தணித்து வைக்கின்றன. காவல்காரனை உறங்க வைத்துவிட்டு விருந்தாளியை உள்ளே தங்க வைப்பது போன்றது அது. நமக்கு இரண்டு நாள் சளியாகக் கழிவது, முதல் சில மாதங்களில் அவர்களை மீண்டும் மருத்துவமனைக் கட்டிலுக்குக் கொண்டு போய்விடும்.

மதினி வந்தது அந்த வாரத்தில்தான். படியேறும்போதே அவருடைய இருமல் கேட்டது. ஒரு கையில் அல்வாப் பொட்டலம், மறு கையில் ஓதிய தண்ணீர் பாட்டில். அல்வாவைத் தர முடியாது, ஸ்டீராய்டால் அவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. தண்ணீரையும் கொதிக்க வைக்காமல் தரலாகாது. நான் கதவைப் பின்னால் சாத்திக்கொண்டு படியில் இறங்கி நின்றேன்.

"மதினி, இருமல் போகட்டும். கீழே இருங்க, போனில் முகம் பார்த்துப் பேசுங்க" என்றேன்.

"அல்லா நாடாம இருமல் ஒட்டுமா புள்ளே? நீ ஓதிக் குடுக்கிறவதானே?" என்று கேட்டார்.

கொள்ளைநோய் பரவிய ஷாம் தேசத்துக்குள் நுழையாமல் ஸர்ஃ என்னுமிடத்திலிருந்து உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். அதற்கு உமர் (ரலி) அவர்கள் அளித்த மறுமொழியை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்று படியில் நின்றபோது ஒரு சொல்லும் நாவில் வரவில்லை. "முடியாது மதினி" என்று மட்டும் சொன்னேன்.

"என் கிட்னியும் வேண்டாம்னாங்க, இப்ப என் முகமும் வேண்டாமா?" என்றார். பாட்டிலைப் படியில் வைத்துவிட்டு, தம்பியைக் காணாமலே மாலை ரயிலுக்குப் போய்விட்டார்.

உள்ளே படுத்திருந்தவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. அன்றிரவு அவர் என்னுடன் பேசவில்லை. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு ஒரு மிடறு தந்தேன். வாங்கிக் குடித்தார்.

மார்ச் இறுதியில் ரமலான் வந்தது. அவர் நோன்பு நோற்கக் கூடாதென்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். நான் நோன்புடன் நின்று நண்பகலில் அவருக்குச் சோறு பரிமாறுவேன். அவர் சுவரைப் பார்த்தபடி உண்பார். தராவீஹ் வீட்டில், நாற்காலியில் அமர்ந்து. பெருநாளைக்கும் மதினி வரவில்லை.

இன்று அவர் பள்ளிவாசலுக்கு நடந்து போகிறார், அல்லாஹ்வுக்கே புகழ். மதினி தம்பியை வந்து பார்த்துச் செல்கிறார். முகக்கவசம் இல்லாமல் படியேறுவதில்லை. என்னோடு மட்டும் இன்னும் பேச்சில்லை. இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் என் மகளை அழைப்பார். "மாத்திரை குடுத்தாச்சான்னு உங்கம்மாட்ட கேளு" என்பார். "கொடுத்தாச்சு" என்று அடுப்படியிலிருந்தே அவருக்குக் கேட்கும்படி சொல்வேன்.